குருவிக்கரட்டு மௌனம்

இது புரட்டாசியில் நடந்ததா ஐப்பசியிலா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. மழை தூறியதாக ஒரு நினைவு. வேடசந்தூர்ப் பக்கத்தில் மழை என்றதுமே அந்த நினைவின் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. பேச்சுகளிலும் நானாகக் கொஞ்சம் கூட்டியிருப்பேன். வேப்பமரம் மட்டும் நிச்சயம். அதை நானே போய்ப் பார்த்தேன்.

அறிவுச்செல்வியின் ரெக்கார்டர் நிரம்பிவிட்டது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

வேறு யாருடைய ரெக்கார்டர் நிரம்பினாலும் சந்தோஷப்படலாம். அவள் குருவிக்கரட்டுக்கு வந்தது மௌனத்தை ஆராய.

முப்பது வருடத்துக்கு முன்னால், இளைஞராக இருந்த பேராசிரியர் முத்துக்கிருஷ்ணன் இதே ஊரின் கீழத்தெருவுக்கு வந்து நாள்கணக்கில் சுற்றினார். ஒருவரும் அவரிடம் வாய் திறக்கவில்லை. அது விதைப்புக் காலம். மண்ணுக்குள் விதை பேசாமல் கிடக்கும்போது மண்ணுக்கு மேலே மனிதர்களும் பேசாமல் இருக்கிறார்கள் என்று அவர் கண்டுபிடித்தார். அதற்கு 'விதை மௌனம்' என்று பேர் வைத்தார். டாக்டர் பட்டம் வந்தது, புத்தகம் வந்தது, துறைத்தலைவர் நாற்காலியும் வந்தது. அந்த மௌனம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுவது அவருடைய மாணவியான அறிவுச்செல்வியின் வேலை.

கால நீட்டிப்பு இதோடு கடைசி. வழிகாட்டி கையெழுத்துப் போட்டால் ஆய்வேடு. போடாவிட்டால், இத்தனை வருடமும் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறியதுதான் மிச்சம்.

வந்த முதல் நாள் கீழத்தெருவில் பெருமாயி வீட்டு வாசலில் அவளுக்கு ஒரு தம்ளர் மோர் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுப் பெருமாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி பார்த்தாள். தெருவே பார்த்தது. பச்சைமிளகாய் காரம் கண்ணில் தண்ணீரை வரவழைக்க, அறிவுச்செல்வி கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "இன்னொரு தம்ளர் கிடைக்குமாக்கா?" என்றாள்.

அவ்வளவுதான். மில் சூப்பர்வைசரின் யோக்கியதை, போர் போட்டும் தண்ணி வராத தோட்டம், மருமகள் தீபா வைக்கும் வெஞ்சனம், அதில் உப்பு என்று எல்லாம் வந்து விழ ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

அவள் போனில் பேராசிரியரைப் பிடித்தாள்.

"சார், எல்லாரும் பேசுறாங்க சார்."

"யாரு?"

"எல்லாரும்தான் சார். ரெக்கார்டர்ல இடமில்ல."

மறுமுனையில் செத்த நேரம் மௌனம். அந்த வாரம் அவளுக்குக் கிடைத்த முதல் மௌனம் அதுதான்.

"நீ கேள்வி கேக்குற. அதான் தப்பு. கேக்காத. போய்ப் பேசாம உக்காரு. மௌனத்தை மௌனத்தாலதாம்மா தொட முடியும்."

அறிவுச்செல்விக்கு இது பிடித்த வேலை. சிறுவயதிலிருந்தே அவள் நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லிப் பழகியவள். மறுநாள் போய் வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, எதிரே தெரிந்த பாறைக்கரட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

முதலில் பெருமாயி வந்தாள். "என்ன தாயி, மொகம் வாடிக்கெடக்கு?"

அறிவுச்செல்வி பேசவில்லை.

"யாருடி என்ன சொன்னது? ஏ தீபா! நீ ஏதும் சொன்னியா?"

"நான் எங்கத்தை சொன்னேன்? நேத்துக் கொழம்பு நல்லாருக்குன்னாக. அம்புட்டுத்தான்."

"கொழம்ப நல்லாருக்குன்னு சொல்லுற அளவுக்குப் புள்ளைக்கு மனசு கெட்டுப்போச்சே!"

பொழுது சாய்வதற்குள், புள்ளையை எவனோ ஏமாற்றிவிட்டான் என்று தெரு முடிவு செய்துவிட்டது. ஒருத்தி விபூதி கொண்டுவந்தாள். ஒருத்தி, தன்னை ஏமாற்றியவனின் கதையைப் பேர், ஊர், இன்றைய நிலவரத்தோடு சொன்னாள். வேடசந்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் முகேஷ்குமார் என்ற நல்ல பையனைப் பற்றித் தகவல் வந்தது. அறிவுச்செல்வி வாயைத் திறக்கத் திறக்க மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள்.

இனி நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

"அக்கா, விதைக்கிற காலத்துல நீங்க யாரும் பேச மாட்டீங்களாமே? விதை மௌனம்னு?"

பெருமாயி சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்தன. "பேசாம எப்பிடித்தா வெதைக்கிறது? ஏர் ஒருபக்கம் போவும், ஆளு ஒருபக்கம் போவும்! எவன் சொன்னது?"

"எங்க சார்தான். முப்பது வருசத்துக்கு முன்னாடி இங்க வந்திருக்காங்க."

பெருமாயியின் சிரிப்பு பாதியில் நின்றது. "யார் யாரோ வந்தாக, போனாக" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். பிறகு திரும்பி, "இது இல்லாட்டி ஒனக்கு என்னாகும்?" என்றாள்.

"பட்டம் கெடைக்காதுக்கா."

"இருந்தா கெடைக்குமா?"

"கெடைக்கும். ஆனா..."

"அடச்சீ, இம்புட்டுத்தானா! நாளைக்கு விடியவும் ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா. நீ எழுதிக்க."

"ஐயோ, அப்படிப் பண்ணக்கூடாதுக்கா. அது பொய்."

"பேசாம இருக்கதுல என்னத்தா பொய்யி?"

இந்தக் கேள்விக்கு ஆய்வு நெறிமுறை வகுப்பில் யாரும் பதில் சொல்லித் தந்ததில்லை.

மறுநாள் கீழத்தெரு நிஜமாகவே வாயை மூடிக்கொண்டது. காலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்ற வந்த மில் பஸ் டிரைவர், எப்போதும் சந்தைபோல் இருக்கும் தெரு குண்டூசி விழுந்தால் கேட்கும்படி இருப்பதைப் பார்த்து, யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்தார். துக்கவீட்டு வாசலில் ஹார்ன் அடிப்பது மரியாதையில்லை. தலையைக் குனிந்தபடி மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார். உள்ளே ஹார்ன் சத்தத்துக்காகக் காத்திருந்த அத்தனை பேருக்கும் ஷிப்டு போயிற்று.

அதன்பின் எழுந்த சத்தத்தை ரெக்கார்டர் தாங்கியிருக்காது.

"ஒன் பட்டத்துல இடி விழ!" என்றாள் பெருமாயி. சொன்ன வேகத்திலேயே, "சாப்டியா?" என்றாள்.

அறிவுச்செல்வி சாப்பிடவில்லை. தங்கியிருந்த அறைக்குத் திரும்பி நெடுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுகிறவர்களைப் பேசாதவர்கள் என்று எழுதினால் பட்டம். பேசுகிறவர்களைப் பேசுகிறவர்கள் என்று எழுதினால் ஒன்றுமில்லை. அவளுக்கு மெதுவாகக் கோபம் வந்தது. மெதுவாக வந்த கோபம் என்பதால் போகவில்லை. ஒரே மூச்சில் ஓர் அத்தியாயம் எழுதினாள். முதல் வரி இது: 'குருவிக்கரட்டில் விதை மௌனம் என்றொரு வழக்கம் இல்லை, எப்போதும் இருந்ததில்லை.' பேராசிரியருக்கு அனுப்பிவிட்டாள்.

போன் உடனே வந்தது.

"என்னம்மா இது?"

"உண்மை சார்."

"நானே வாரேன்."

பெருமாயியிடம் போய்ச் சொன்னாள். "எங்க சார் வாராங்கக்கா. நடிக்க எல்லாம் வேணாம். நீங்க எப்பவும் போலப் பேசுனாப் போதும். நான் எழுதுனது சரின்னு அவரே காதால கேக்கட்டும்."

"அன்னைக்கு வந்தவுகளா? அவுகளேதானா?"

"அவங்கதான்."

பெருமாயி வேப்பமரத்தைப் பார்த்தாள். "வரட்டும். மோரு கலக்கி வைக்கேன்."

பேராசிரியர் காரில் வந்தார். முடி நரைத்திருந்தது, சட்டை வெள்ளையாக இருந்தது. காரை ஓட்டிவந்த ஸ்டான்லி இறங்கியதும் இறங்காததுமாக மோரை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு, "இன்னும் ரெண்டு மொளகா கிள்ளிப் போட்டிருக்கலாம்" என்றான். "வாப்பா சமையக்காரா, உள்ள வந்து நீயே கிள்ளு!" என்று எதிர்வீட்டுக்காரி சொல்ல, தெரு சிரித்தது. அறிவுச்செல்விக்கு மனசு நிறைந்தது. பேசுகிறார்கள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

பெருமாயி பேராசிரியருக்குத் தானே கொண்டுவந்து கொடுத்தாள். புதுத் தம்ளர்.

"இது கீழத்தெருதான?" என்று அவர் புன்னகையோடு கேட்டார்.

"கீழத்தெருதாங்க" என்றாள் பெருமாயி.

அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. தம்ளரும் கையுமாக மரத்துக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிப் பேசினார். அறிவுச்செல்வி குனிந்து ரெக்கார்டரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவர் திரும்பி வந்து, காலித் தம்ளரைத் தீபாவிடம் நீட்டினார். "அருமையான மோரும்மா."

யாரும் பதில் சொல்லவில்லை.

"விளைச்சல் எப்படி?" என்றார்.

காற்று அடித்தது. ஒரு கோழி மண்ணைக் கிளறியது.

"அக்கா" என்றாள் அறிவுச்செல்வி. "சார் கேக்குறாங்க. சொல்லுங்க. அந்த போர் தண்ணிக் கதைய..."

பெருமாயி உதட்டை இறுக்கிக்கொண்டு தெருக்கோடியைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஒவ்வொரு வாசலாக வெறிச்சோடியது. ஸ்டான்லிகூடச் சுற்றிலும் பார்த்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பேராசிரியரின் கண் கலங்கிவிட்டது. அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கேக்குதா? இதுதாம்மா! முப்பது வருசத்துக்கு முன்னாடி நான் கேட்ட அதே மௌனம்! பதிவு பண்ணு!"

"எதை சார்?"

"இதை! இந்தக் காத்தை! இந்தக் கோழியை! நாளைக்கே அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுது. நாளன்னைக்குக் கையெழுத்து."

ரெக்கார்டரில் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. அறிவுச்செல்வி அதை அணைத்தாள்.

"எழுத மாட்டேன் சார்."

"என்னது?"

"எனக்குப் பட்டம் கெடைக்கணும்னு இவங்க பாவம் நடிக்கிறாங்க. அன்னைக்கு நடிச்சதுல ஒரு நாள் கூலியே போச்சு. நான் பாத்ததைத்தான் எழுதுவேன்."

"நடிப்பா? மொகத்தைப் பாத்துட்டுச் சொல்லு."

பார்த்தாள். நடிப்பைப் போல இல்லைதான். அது அவளை இன்னும் குழப்பியது. ஆனாலும் சொன்னாள், "உங்க கையெழுத்து வேணாம் சார்."

குரல் நடுங்கவில்லை. பேராசிரியர் அவளை இரக்கத்தோடு பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். கார் வளைவு திரும்பிப் புழுதி அடங்கும்வரை பெருமாயி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

அறிவுச்செல்விக்கு அழுகை முட்டியது. "ஏன்க்கா இப்படிப் பண்ணுனீங்க? நடிக்க வேணாம்னு அம்புட்டுச் சொன்னேனே! உண்மைய எழுதிட்டு நான் இப்ப பொய்க்காரியா நிக்கிறேன். எனக்காகப் பண்றதா நெனச்சு என்னையவே கவுத்துட்டீங்களே!"

பெருமாயி அப்போதும் வாய் திறக்கவில்லை. வாசலில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த தீபாதான் நிமிர்ந்தாள்.

"ஒங்களுக்காக இல்லக்கா. போன தடவையும் எந்தத் தெருன்னு கேட்டுட்டு, அவுக இதே வேம்புக்குத்தான் மோர ஊத்துனாகளாம்."

அறிவுச்செல்வி வழிகாட்டியை மாற்றிக்கொண்டாள்; அந்த மனு நகர்வதற்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. புது வழிகாட்டி கிளாரா மேடம் தலைப்பையும் மாற்ற ஒப்புக்கொண்டார்: 'யாரிடம் பேசுவதில்லை.' முத்துக்கிருஷ்ணன் ஓய்வு பெற்றார். இரண்டாவது மௌனத்தைப் பற்றிய முன்னுரையோடு அவருடைய புத்தகம் மறுபதிப்பு வந்திருக்கிறது. ஸ்டான்லி அந்த வேலையை விட்டுவிட்டு ஆட்டோ வாங்கினான். முகேஷ்குமாருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. தீபாவின் வெஞ்சனத்தில் உப்பு இன்னும் சரியாகவில்லை என்பது பெருமாயியின் தரப்பு.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று விதி இருப்பதால், கீழத்தெரு பெரிய கேனில் மோரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டை முழுதும் படித்தவர். கேள்வி கேட்பதற்கு முன்னால் இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்தார்.