பம்பு விண்ணப்பத்தை வாபஸ் வாங்குவது பற்றி

இராஜபாளையம்,
சனிக்கிழமை காலை.

கர்த்தருக்குள் அன்பு மாறாத என் மதினி பரிபூரணத்துக்கு, நாத்தனார் ஏசம்மாள் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே என் வீட்டுக்காரர் அவியளும், மகன் செல்வினும், மருமகள் ஜூடியும், பேத்தியும், நானும் தேவ கிருபையால் சுகம். சுகம் என்றால் யாருக்கும் காய்ச்சல் இல்லை, அந்த அளவுக்குச் சுகம். அங்கே அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்ததா? குறையவில்லை என்றால் நான் கொடுத்தனுப்பிய எண்ணெயைத் தேய்க்கவில்லை என்று அர்த்தம்.

மதினி, இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், கையில் மாவு இருந்தால் கழுவிவிட்டு, உடனே சங்கிலி ஜெபத்தை நிறுத்துங்கள். நம் சர்ச்சுப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் நான் வைத்தேனே, அந்தப் பம்பு விண்ணப்பத்தைத்தான் சொல்லுகிறேன். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்கி, அறுபடாமல் வில்லிபுத்தூரில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களே, அது இப்போது யார் கையில் இருக்கிறதோ அவர் அந்த வரியிலேயே ஆமென் சொல்லி எழுந்துவிட வேண்டும். இதைப் போனில் சொல்லியிருப்பேன். ஆனால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் ஹலோ என்பார், உங்கள் வீட்டு ஹாலில் எந்நேரமும் யாராவது ஒருவர் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். வாட்ஸப்பில் போட்டால் நான் பஸ் ஏறுவதற்குள் அது பிளவக்கல் அணை வரை போய்த் திரும்பிவிடும். ஆகவே தினமும் அங்கே வேலைக்கு வருகிற பக்கத்து வீட்டு அலெக்ஸிடம் ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். அலெக்ஸ் நல்ல மனுஷர்தான். இருந்தாலும் பிரித்து மறுபடி ஒட்டிய தடம் தெரிகிறதா என்று உறையின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

நடந்ததை முதலில் இருந்து சொல்லுகிறேன். ஜூடி பிரசவத்துக்கு வன்னியம்பட்டித் தாய்வீட்டுக்குப் போய்விட்டுப் பிள்ளையோடு வந்த நாள் முதல் அவர்கள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. பால் கொடுக்கிற பெண் கதவைச் சாத்துவது நியாயம்தான் என்று நானும் சும்மா இருந்தேன். ஆனால் பிள்ளை என் மடியில் தூங்கும்போதும் கதவு சாத்தியிருந்தால் அதற்கு என்ன பெயர்? உள்ளே வண்டு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வேறு. செல்வின் சவரம் செய்கிற மெஷின் என்று நினைத்தேன். இவ்வளவு நேரம் சவரம் செய்தால் என் மகனுக்கு முகமே மிஞ்சாதே என்று பிறகுதான் உறைத்தது. நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை, உங்களுக்கே தெரியும். கதவுக்கு வெளியே மடிக்கிற துணி கிடந்தது, மடித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

“இன்னைக்கு எம்புட்டு வந்துச்சு?” என்று கேட்கிறான் செல்வின்.

“காலைல நல்லா வந்துச்சு. மத்தியானம் வத்திப்போச்சு. இடப்பக்கம் பரவால்ல, வலப்பக்கந்தான் இழுக்கவே மாட்டேங்கு.”

“வேற பம்பு பாப்பமா?”

“எங்கம்மா வாங்கிக் குடுத்தது, புதுசுதான. நீங்க மொதல்ல மெதுவாப் பேசுங்க. மோட்டார் சத்தம் அத்தைக்குக் கேட்டுருமோன்னு நானே பயந்துக்கிட்டு இருக்கேன்.”

இதைக் கேட்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் மதினி? ஜூடியின் அப்பாவுக்கு வன்னியம்பட்டியில் கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கிறது. அதில் எனக்குத் தெரியாமல் போர் போட்டுப் பம்பு இறக்கிவிட்டார்கள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, அம்மா வாங்கிக் கொடுத்தாள் என்பது பேச்சுக்கு, பணம் என் மகனுடையது என்று முடிவுகட்டிவிட்டேன். வன்னியம்பட்டி மோட்டார் இங்கே படுக்கையறையில் எப்படிக் கேட்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். இப்போது மோட்டாரைப் போன் வழியாகவே போடலாம், நிறுத்தலாம் என்று விளம்பரம் வருகிறதே, அதுதான் என்று பதிலும் சொல்லிக்கொண்டேன். கறிவேப்பிலை வாங்கினாலும் எழுதி வைக்கிற வீட்டில் ஒரு கிணறே கணக்குக்கு வராமல் ஓடுகிறது என்றால் என் மனம் எப்படி இருக்கும்? அவியளிடம் போய்ச் சொன்னேன். அவிய மூக்குப்பொடியை இழுத்துவிட்டு, “தண்ணி வந்தா நல்லதுதானட்டி,” என்றார்கள். இவர்களுக்கும் அதில் பங்கு இருக்குமோ என்று அன்று முதல் அந்தப் பக்கமும் ஒரு கண் வைத்தேன்.

அந்த வாரம்தான் கூட்டத்துக்கு வில்லிபுத்தூர் வந்தேன். பெயர் சொல்லாமல், “ஒரு குடும்பத்தில் பெரியவர்களுக்கு மறைத்து ஓடுகிற பம்பு நிற்க” என்றுதான் விண்ணப்பம் வைத்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, அந்த ஊற்றுக்கண்ணையே அடைத்துப்போடும், ஒரு சொட்டும் மேலே ஏறாதிருப்பதாக,” என்று உருக்கமாகக் கேட்டீர்கள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்டது பம்பு நிற்க. ஊற்றை அடைக்கச் சொன்னது நீங்கள். பின்னால் பேச்சு வரக்கூடாது என்பதற்காக இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அடுத்த வாரமே கதவுக்கு அந்தப் பக்கம் ஜூடியின் குரல் உடைந்து கேட்டது. “மோட்டார் ஓடுது, ஒண்ணும் ஏறல. சொட்டுச் சொட்டா வருது. எனக்கு அழுகையா வருதுங்க.” நான் மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டுச் சமையலறையில் முழங்காலில் நின்று தோத்திரம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நன்றிக் காணிக்கையும் போட்டேன், உறையின் மேல் ‘கேட்ட ஜெபத்துக்காக’ என்று எழுதி. மதினி, நான் வைக்கிற விண்ணப்பங்களுக்கும் கணக்கு வைத்திருக்கிறவள். அவியளின் மூக்குப்பொடி, நிலுவை. மாடி ஒழுகுவது, நிலுவை. அண்ணன் ஸ்பீக்கர் போடுவது, நிலுவை. இது ஒன்று மட்டும் கேட்ட வேகத்தில் வரவானபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷமாக இருந்தேன்.

சந்தோஷம் சும்மா இருக்க விடுமா? சம்பந்தியம்மாவின் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, அதிரசம் கட்டிக்கொண்டு வன்னியம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போகுமுன் நிலத்தைப் போய்ப் பார்த்தேன். சோளத்தட்டையைத் தவிர ஒன்றும் நிற்கவில்லை. பக்கத்துப் புஞ்சையில் மருந்தடித்துக்கொண்டிருந்த மாரிச்சாமி என்பவரிடம், “இங்க போர் போட்டாகளே, எந்த மூலையில?” என்று தெரிந்தவள் மாதிரி கேட்டேன். “போரா? இந்தப் பக்கம் பூமியத் தொளச்சா பொகைதாம்மா வரும்,” என்று சிரித்தார். இவரையும் கையில் போட்டுக்கொண்டார்கள் என்று நினைத்தபடி சம்பந்தி வீட்டுக்குள் நுழைந்து, அதிரசத்தைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

“பம்பு விஷயம் எனக்குத் தெரியும் சம்பந்தி.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “தெரிஞ்சு போச்சா? நாந்தான் வாங்கிக் குடுத்தேன். ஒங்ககிட்ட சொல்லிரணும்னுதான் சொன்னேன், புள்ள பயந்துட்டா.”

“எத்தன எச்பி?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. கைக்குள்ள அடங்குற மாதிரி சின்னது.”

“கைக்குள்ள அடங்குற பம்பு எத்தன அடியில இருந்து தண்ணி இழுக்கும்? என்கிட்டயே கத சொல்லுதீகளா?”

“தண்ணியா?”

“பொறவு என்ன, பாலா?”

“ஆமா,” என்றாள் சம்பந்தியம்மா.

மதினி, எனக்குக் காது அடைத்துவிட்டது. ஜூடிக்குப் பிரசவ லீவு இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறதாம். பேண்டேஜ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற அந்த வேலைக்குத் திரும்பவும் போகப்போகிறாளாம். வேலையையும் விடாமல் தாய்ப்பாலையும் நிறுத்தாமல் இருக்க, அந்தப் பம்பில் எடுத்து வைத்துவிட்டுப் போவதென்று, கதவைச் சாத்திக்கொண்டு பழகியிருக்கிறாள். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுவிடுவாள் என்று நான் உங்களிடமும், உங்கள் மூலமாக வில்லிபுத்தூரிடமும் சொல்லியிருந்தேனே, அது அவளுக்கும் எட்டியிருக்கிறது. அதனால்தான் இந்த ஒளிவுமறைவு. திரும்புகிற பஸ்ஸில் எனக்கு ஒரே நினைப்பாக இருந்தது. ஒரு ஊர்ப் பெண்கள் எல்லாம் கூடி, சங்கிலி போட்டு, என் பேத்தியின் பாலை அடைத்துவிட்டோமே! அதிரசமும் என் மடியிலேயே திரும்பி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தட்டினேன். பிள்ளை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. ஜூடி கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“ஒங்ககிட்ட சொன்னா என்ன ஆகும் அத்தை? மறுநாளே விண்ணப்பமா வைப்பீக. வில்லிபுத்தூர் முழுக்கக் கண்ண மூடி என் பாலுக்காக அழும். பொறவு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சர்ச்சுக்கு வர?”

அவள் விடவில்லை. “அது போக, கதவுக்கு அடியில ஒங்க நெழலு தெரிஞ்சாலே எனக்குப் பாலு எறங்க மாட்டேங்கு. ஒரே துணிய எம்புட்டு நேரந்தான் மடிப்பீக?”

நிழலுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம் மதினி? என் நிழல் கனமில்லாதது. உங்கள் ஜெபம்தான் காரணம் என்று நான் உறுதியாக இருக்கிறேன். ஜெபம் வைத்த கதை அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் அந்தச் சங்கிலியில் யார் யார் இருந்தார்கள் என்று எனக்கு நீங்கள் எழுத வேண்டும். எலினா டீச்சர் எதைக் கேட்டாலும் கிடைத்துவிடும் என்று பெயர் எடுத்தவர். அவர் இருந்தால் அவரை முதலில் நிறுத்துங்கள். பிறகு, முன்பு கேட்டதைக் கேட்காததாக எடுத்துக்கொள்ளும்படி ஒரு ஜெபமும், அடைத்ததைத் திறக்கும்படி ஒரு ஜெபமும் வேண்டும். பம்பு என்ற வார்த்தை வரக்கூடாது. பால் என்றும் சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் விளங்கிவிடும். ‘அந்தக் காரியம் பெருகட்டும்’ என்றால் போதும், எந்தக் காரியம் என்று ஆண்டவருக்குத் தெரியும். முதலில் கேட்டபோதும் அவருக்குத் தெரிந்துதானே இருக்கும், ஏன் அப்படிச் செய்தார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொரு காரியம். பால் வரவில்லை என்றால் டின் பால் கொடுப்போம் என்று செல்வின் ஒரு டின்னை வாங்கி வந்துவிட்டான். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொன்னேன். தாய்ப்பால்தான் குழந்தைக்குச் சிறந்தது என்று எழுதியிருக்கிறதாம்! தன் சரக்கு வேண்டாம் என்று தானே எழுதி விற்கிறான் என்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போகாமல் வேதத்தை வைத்து எழுத்துக் கூட்டியவள்தான், ஆனாலும் இந்தச் சூது தெரியும். செல்வினுக்கு, அவன் என் முந்தானையைப் பிடித்து இழுத்து “உக்காரும்மா” என்று உத்தரவு போடுகிற வயது வரை பால் கொடுத்தேன். வேலையை விட்டுவிடு, பம்பும் வேண்டாம் டின்னும் வேண்டாம் என்று ஜூடியிடம் சொல்லிவிட்டேன். அவள் மறுத்துப் பேசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ பிள்ளையின் மூக்கைத் துடைக்கிறாள். ஆகவே நாளை ஆராதனை முடிந்ததும் அண்ணனும் நீங்களும் தவறாமல் வந்து, மூத்தவர்களாக நின்று, அவளை வேலையை விடச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கறி எடுக்கிறேன்.

ஆண்டவர் உங்கள் வீட்டு வாசலையும், போனையும், விசேஷமாக வாயையும் காத்துக்கொள்வாராக. அண்ணனுக்கு என் தோத்திரம்.

இப்படிக்கு, உங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லாத நாத்தனார்,
ஏசம்மாள்.

பி.கு.: அலெக்ஸுக்குச் சனிக்கிழமை லீவு என்பது தெரியாமல் போனதால் கடிதம் இங்கேயே கிடந்துவிட்டது. இன்று திங்கட்கிழமை சாயங்காலம். மேலே எழுதியதில் உங்கள் சுகத்தைக் கேட்டது தவிர மற்றது செல்லாது. நேற்று ஆராதனை முடிந்து வந்ததும் ஜூடி அந்தப் பம்பைத் துடைத்துப் பெட்டியில் போட்டு என் முன்னால் வைத்தாள். “அத்தை, இனி இது வேண்டாம், எனக்கு ஏலல. வேலைக்குப் போறேன். காலையிலயும் சாயங்காலமும் நான் பாலு குடுப்பேன், வாரது வரட்டும். பகல்ல டின் பாலு. அவியகிட்டயும் கேக்கல, எங்கம்மாகிட்டயும் கேக்கல, ஒங்ககிட்டயும் கேக்கல. சொல்லுதேன், அம்புட்டுதான்,” என்றாள். நான் செல்வினைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான். இன்று காலை அவள் போனதும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, டின் பாலைக் கலக்கி, பாலாடைச் சங்கில் எடுத்தேன். பிள்ளை துப்பிவிடும், உடனே அவளைக் கூப்பிட்டுவிடலாம் என்று போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். துப்பவில்லை மதினி. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அம்புட்டையும் குடித்துவிட்டு, என் தோளில் ஏப்பம் விட்டுத் தூங்கிவிட்டது. நான் ரொம்ப நேரம் கீழே கிடத்தவே இல்லை. ஆகவே நிற்கும்படி கேட்டதும் வாபஸ், பெருகும்படி கேட்டதும் வாபஸ். இந்த வீட்டுப் பாலுக்காக இனி எந்தப் பக்கமும் ஜெபிக்க வேண்டாம். அண்ணன் பிள்ளையைப் பார்க்க மட்டும் வரட்டும், புத்தி சொல்ல வேண்டாம்.

இப்போது ஜூடி வேலை முடிந்து வந்துவிட்டாள். அறைக்குள் போகாமல், நான் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். “யாருக்கு அத்தை இம்புட்டு பெரிய லெட்டரு?” என்று கேட்டாள். லெட்டர் இல்லை, பால் கணக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். “எழுதுங்க, எழுதுங்க,” என்று சிரிக்கிறாள். எதற்குச் சிரிக்கிறாள் என்றுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.