கெட்டியும் கெட்டிலும்

ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சம்பளம் தருவது வாசிப்பதற்காக அல்ல, பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பதற்காகத்தான். பேஸ் டிரோம்போன்காரனின் பிழைப்பு அப்படி. கோலாலம்பூரில் ஓர் இசைக்குழுவின் பின்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. வயலின்காரர்கள் வியர்க்க விறுவிறுக்க இழுத்துக்கொண்டிருக்கும்போது, நான் மடியில் என் நீளமான பித்தளைக் குழாயை வைத்துக்கொண்டு மனதுக்குள் தாளத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். கண்டக்டர் (பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் இல்லீங்க, முன்னால் குச்சியோடு நிற்பவர்) என் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தியதும் அடிவயிற்றிலிருந்து ஓர் ஊது. அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த ஊது ஓர் இமைப்பொழுது பிந்தினாலும் மானம் போய்விடும். அதனால் கை எழும்போதே எனக்கு மூச்சு தயாராகிவிடும்.

இந்தப் பழக்கம்தான் என் அக்கா சாந்தியின் கல்யாணத்தில் என்னைக் கவிழ்த்தது.

அதற்கு முன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேன் ஓட்டுகிறவர். என் வேலையை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். "பையன் என்ன பண்றான்?" என்று யாராவது கேட்டால் "கேஎல்ல இருக்கான்" என்பார். வேலையைக் கேட்டால் கோலாலம்பூர் என்று ஊரைச் சொல்வார். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நிச்சயதார்த்தத்தன்று அவர் விடாமல் கேட்டபோது, அப்பா "மியூசிக் கம்பெனில... ஸ்டோர்ல" என்று சொல்லிவிட்டார். (எனக்கே தெரியாமல் எனக்குக் கிடைத்த உத்தியோகம்.) பொய் சொல்ல மாட்டேன், வலித்தது. நாலு பேர் முன்னால் ஒரே ஒரு தடவை அப்பா வாயால் என் தொழிலைச் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் அப்போது எனக்கு ஆசை.

கல்யாணம் சித்தியவான் பக்கம், எங்கள் பழைய எஸ்டேட்டின் கோயில் மண்டபத்தில். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஈப்போவில் ஏர்கோன் போட்ட மண்டபம் எத்தனையோ இருக்க, அம்மாவின் வேண்டுதல் எல்லோரையும் அங்கே கொண்டுபோய் வேகவைத்தது. நான் கேஎல்லில் ஒத்திகை முடிந்த கையோடு வந்ததால் டிரோம்போன் காரிலேயே கிடந்தது.

முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வரவேண்டிய நாதஸ்வரக்காரரின் வேன் வழியில் படுத்துவிட்டது என்று சேதி வந்தது. தனியாக வேறு காரில் வந்த தவில்காரர் கோவிந்தன் அண்ணே மட்டும் மேடையோரம் பரிதாபமாக உட்கார்ந்திருந்தார். அம்மா என்னைத் தேடி ஓடிவந்தார்.

"டேய் குமாரு, காருல அந்தக் குழா இருக்குல்ல? எடுத்துட்டு வா."

"அம்மா, அது நாதஸ்வரம் இல்லம்மா."

"ஊதுற சாமான்தான? ஊது!"

பக்கத்தில் நின்ற அப்பா, "வேணாம்லா. சம்பந்தி முன்னால மானத்த வாங்கிருவான்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். நேராகக் காருக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

சைகை காட்டும் பொறுப்பு பெரிய மாமாவுக்கு. எஸ்டேட்டில் தண்டலாக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். மெதுவாகப் பேசினாலே மண்டபம் முழுக்கக் கேட்கும். "தம்பி, என் கையையே பாரு. கையத் தூக்கி கெட்டி மேளம்னு சொன்னதும் ஊதணும். வெளங்குதா லா?" என்றார். எனக்கா விளங்காது? என் பிழைப்பே அதுதானே!

கோவிந்தன் அண்ணே என் குழாயை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, இதுல பாட்டு வருமா?"

"பாட்டு வராதுண்ணே. பாட்டுக்கு அடியில ஒரு சத்தம் வரும்."

"சரி சரி. நீங்க ஆரம்பிங்க, நான் பின்னாலயே வாரேன்."

அக்கா கூறைப்புடவை மாற்ற உள்ளே போயிருந்தாள். மணவறையில் மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தார். மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதைச் சரிசெய்ய மேடையேறினார் போட்டோக்காரர் லியோங் அண்ணே. (எஸ்டேட் கடைக்காரச் சீனரின் மகன். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.) கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, மாப்பிள்ளை மேல் குனிந்து, இரண்டு கைகளையும் அவர் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அந்த நேரம் பார்த்து மாமா கை எழுந்தது.

"கெட்டி—"

நான் நுழைந்துவிட்டேன். மிச்ச எழுத்துக்கெல்லாம் காத்திருப்பவன் இசைக்குழுவில் குப்பை கொட்ட முடியாது. நுழைந்ததும் சாதாரணமாக நுழையவில்லை. அப்பா மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து, அந்தக் குழாயில் இருக்கும் ஆக அடிச்சத்தத்தை எடுத்துவிட்டேன். வெளியே செம்பனைக் குலை ஏற்றிப்போன லோரிக்காரர், பின்னால் ஏதோ பெரிய வண்டி வருகிறதென்று ஓரங்கட்டினாராம். கோவிந்தன் அண்ணே சொன்ன சொல் தவறாமல் பின்னாலேயே வந்து தவிலைப் பொளந்து கட்டினார்.

நம் சனங்கள் கல்யாணத்துக்கு வந்தால் மேடையையா பார்க்கிறார்கள்? பாதிப்பேர் போனில், பாதிப்பேர் பேச்சில். மேளம் கொட்டினால் அட்சதை போட வேண்டும், அதுதான் தெரியும். நிமிர்ந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை கழுத்தோரம் யாருடைய கையோ தெரிந்தது. மொத்த மண்டபமும் எழுந்து கைநிறைய மஞ்சள் அரிசியை அள்ளி வீசியது. முன்வரிசையில் ஒரு பாட்டி கண்கலங்கி, "நல்லா இருங்கப்பா" என்று வாழ்த்தவும் செய்தார்.

லியோங் அண்ணே தலையெல்லாம் அரிசியோடு மெல்லத் திரும்பினார். "ஐயோ, எனக்கு வீட்ல பொண்டாட்டி இருக்கு லா!"

சத்தம் கேட்டுக் கூறைப்புடவையோடு ஓடிவந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "நான் கெட்டில் கேட்டேன்லா! சம்பந்தி மாத்திரை போடணும்னாரு, சுடுதண்ணிக் கெட்டிலக் கொண்டாங்கன்னு அடுப்படியப் பாத்துக் கையக் காட்டுனேன்!" அவர் பக்கத்தில் சம்பந்தி, உள்ளங்கையில் மாத்திரையோடு, புருவத்தில் அரிசியோடு உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல்: "எந்த மடையன்லா அந்தக் கொழாய ஊதுனது?"

நான் டிரோம்போனின் வாய்க்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டேன். அதன் வாய் பெரியதுதான், ஆனால் என் அவமானம் அதைவிடப் பெரியதாக இருந்தது. யாரோ கூலிக்கு வந்த மேளக்காரன் என்று அப்பா கைகழுவிவிடுவார், அதோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்பா எழுந்து நின்றார்.

"மடையன் இல்ல. என் மகன்."

"ஸ்டோர்ல வேலைன்னு சொன்னீங்க?" என்றார் சம்பந்தி.

"இல்லீங்க. கேஎல்ல பெரிய இசைக்குழுவுல இருக்கான். இந்த டிரோம்போன ஊதுறதுதான் அவன் தொழிலு. மாசாமாசம் சம்பளம் குடுக்கிறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஏன்னுதான் எனக்கு இன்னும் வெளங்கல" என்றார்.

முதலில் சிரித்தவர் சம்பந்திதான். பிறகு மண்டபமே சிரித்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, கிடைத்த லட்சணம்தான் அப்படி.

உண்மையான முகூர்த்தம் வந்தபோது யார் கையிலும் அட்சதை இல்லை. அத்தை அடுப்படி மூட்டையிலிருந்து வெறும் பச்சரிசியைக் கொண்டுவந்து ஓடி ஓடிக் கொடுத்தார். இந்தத் தடவை அப்பா என் பின்னால் வந்து நின்று தோளில் கையை வைத்தார். "நான் தட்டுறப்ப ஊது. மாமன் வாயில வர்றதையெல்லாம் நம்பாத." தட்டினார். ஊதினேன். அக்கா கழுத்தில் தாலி ஏறியது.

கல்யாண ஆல்பத்தில் அக்கா தலையில் வெள்ளை அரிசி, மச்சான் தலையில் மஞ்சளும் வெள்ளையும் கலந்து இருக்கும். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் மச்சானுக்கு முதல் வாழ்த்து லியோங் அண்ணேயிடமிருந்துதான் வரும். "மூத்த தாரத்தை மறந்துடாதீங்க" என்று எழுதியிருப்பார்.

அப்பா இப்போது என் கச்சேரிக்கெல்லாம் வருகிறார். நான் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம், "பொறுங்க, இனிமேதான் இருக்கு" என்று சொல்லிவைப்பாராம். ஆனால் ஈப்போ வீட்டில் தேநீர் போடும் நேரம் வந்தால் மட்டும் எனக்கு விடிவே கிடையாது. குடும்பமே கூடியிருக்கும்போது அவர் என்னைப் பார்த்து மெதுவாகக் கையைத் தூக்குவார்.

"கெட்டி..."

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்ப்பார்கள். நானும் அசையாமல் உட்கார்ந்து, மிச்ச எழுத்து வரட்டும் என்று காத்திருப்பேன்.