ஜனகராஜ் போடாத பூட்டு

கைகாட்டி மரம் என்றொரு மனித இனம் உண்டு, வாசகரே. கேட்டவருக்கெல்லாம் வழி காட்டும். தான் மட்டும் ஓரடி நகராது. எங்கள் மதுரையில் அந்த இனத்தின் உயர்ந்த மாதிரி, உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றில் இணையதளப் பிரிவைக் கவனித்துவந்த ஜனகராஜ்.

வருஷம் இரண்டாயிரத்து எட்டு. ஒளிபரப்பான நிகழ்ச்சியை ஒரு மாதம் இணையத்தில் வைத்திருப்பார்கள். பார்க்கலாம், எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. பூட்டு. யார் போட்டது? "நம்ம கையில என்னங்க இருக்கு" என்று ஜனகராஜ் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். சுத்தமான கைகள்.

மேலூரிலிருந்து சோலையம்மாள் வந்தாள். விவசாய நிகழ்ச்சியில் அவள் கணவர் காளை, நெல் சாகுபடி பற்றிப் பேசியிருந்தார். மறுவாரமே நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் குரல் வேறெங்கும் இல்லை.

"ஒரு சிடியில போட்டுக் குடுங்க சார்."

"தயாரிச்சவரு சொன்னாத்தாம்மா பூட்ட எடுக்கலாம். ஒத்தக்கடையில தங்கப்பாண்டின்னு இருக்காரு, பாருங்க."

தங்கப்பாண்டி, "நாங்க எங்க பூட்டச் சொன்னோம்க்கா, டிவிக்காரங்கதான கேட்டாங்க" என்று திருப்பிவிட, ஜனகராஜ் பூட்டைச் செய்த மென்பொருள் கம்பெனியைக் காட்ட, கம்பெனிக்காரர்கள் "பூட்டு எங்களுது, பூட்டுனது அவுங்க" என்று சொல்ல, பஸ் மாறி பஸ் ஏறி அவள் மறுபடி ஜனகராஜ் முன்னால் வந்து நின்றாள்.

"பூட்டு யாருக்காக சார்?"

"உரிமை உள்ளவங்களுக்காகம்மா."

"பேசுனது எம்புருசன் சார்."

பொய் சொல்லக்கூடாது, ஜனகராஜ் நல்ல மனிதர்தான். பூட்டை எடுக்கும் வழி அவருடைய கணினியிலேயே இருந்தது. ஒரு சொடுக்கு போதும். ஆனால் நாளைக்கு மேலிடத்தில் "யார் எடுத்தது" என்று கேட்டால் காட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டாமா? "மேல சொல்லிப் பாக்குறேம்மா" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மாதம் முடிந்தது. நிகழ்ச்சியும் போனது. மறுபடி வந்தவளிடம் ஜனகராஜ் இரண்டு கைகளையும் விரித்தார்.

"நாங்க அழிக்கலம்மா. அது தானா அழிஞ்சிரும்."

விரித்திருந்த அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சோலையம்மாள் மேலூர் பஸ்ஸுக்குப் போனாள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

உங்களுக்கும் எரியும். படிக்கும்போதே உங்கள் ஆபீஸில் ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும். அச்சு அசல் அவர்தான் என்று சுட்டுவிரல்கூட எழுந்திருக்கும். எழுந்த விரலை ஒரு நிமிஷம் பாருங்கள். கைகாட்டி மரம் முளைவிடுவது அங்கேதான்.