கரப்பான் இல்லாத வீட்டுக்காரர்

நம்மிடையே கரப்பான் இல்லாத வீட்டுக்காரர் என்றொரு இனம் உண்டு. அவர் வீட்டில் கரப்பான் கிடையாது, இருந்ததும் கிடையாது. தப்பித்தவறி ஒன்று கண்ணில் பட்டாலும் அது மேல்வீட்டுக்காரருடையது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? மீசையைப் பார்த்தாலே தெரியுமாம்!

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இந்த மனிதரைப் பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர். செருப்பை உதறிவிட்டுத்தான் போடுவார், தம்ளரைத் தட்டிவிட்டுத்தான் எடுப்பார், விளக்கைப் போட்டு நாலு தடவை இருமிய பிறகுதான் சமையலறைக்குள் நுழைவார், ஆனால் கூட்டத்தில் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் மாடி டீச்சர் வீட்டுலேர்ந்துதான் வருது! என் வீட்டுல ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, பதவியை விட்டுடுறேன்!" என்று சவால் விட்டுவிட்டார். பாவம், அந்தப் பதவி இருப்பதால்தான் அவர் பேச்சை நாலு பேர் கேட்கிறார்கள். வீட்டில் அந்த வசதி இல்லை.

மறுநாளே சவாலை ஏற்று டீச்சர் தலைவர் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார். அடியிலிருந்து ஒன்று சாவகாசமாக வெளியே கிளம்பியது. தலைவர் சட்டென்று அதன்மேல் வெறுங்காலை வைத்து மூடினார். நசுக்கவில்லை. அவ்வளவு தைரியம் ஏது?

"டீச்சருக்குச் சமையல்கட்டைக் காட்டுங்களேன்" என்றார் தலைவரின் மனைவி.

"கால் மரத்துப்போச்சு" என்று தலைவர் சிரித்தார். அடக்க அடக்கச் சிரித்தார். உள்ளங்காலில் ஆறு கால்கள் கிச்சுகிச்சு மூட்டினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"எதுக்கு சார் சிரிக்கிறீங்க?"

"சும்மா... நீங்க வந்த சந்தோஷம்..."

அதற்குள் சிறைக்கைதி கால்சட்டைக்குள் ஏறிவிட்டது. "ஐயோ அம்மா!" என்று அலறி நாற்காலிமேல் தாவிய தலைவர், காலை உதறி அதைக் கீழே தள்ளிய கையோடு, டீச்சரைப் பார்த்து விரலை நீட்டினார்.

"பாத்தீங்களா! உங்ககூடவே வந்திருக்கு!"

கரப்பான் இந்த வழக்கில் தலையிடவில்லை. கூடத்தைக் கடந்து, அலமாரியைச் சுற்றி, ஓரிடத்திலும் தயங்காமல் பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் போய்ப் புகுந்துகொண்டது.

"என்கூட வந்ததுக்கு உங்க வீட்டு வழியெல்லாம் அத்துப்படியா இருக்கே சார்!" என்றார் டீச்சர். மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பதவி போயிற்று. டீச்சரைத் தலைவராக்கினார்கள். அவர் முதல் கூட்டத்தில் சொன்ன முதல் வார்த்தை: "என் வீட்டுல ஒண்ணுகூடக் கிடையாது. எல்லாம் கீழ்வீட்டுலேர்ந்து ஏறி வருது."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் விருந்தாளி காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் சுவரில் ஒன்று எட்டிப் பார்த்ததே, "அடடே, இன்னைக்குத்தான் முதல் தடவையா பாக்குறேன்!" என்று ஆச்சரியப்பட்டது யார்?