பின்னாலிருந்து ஒரு கடக் கடக்

அன்பு மாப்பிள்ளைக்கு, மாமனார் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் பேரக்குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள். கார்தான் சௌக்கியமில்லை. போனில் சொல்லலாமென்றால் "சரி மாமா, சரி மாமா" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்து, வண்டியைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிடப் போவதாகச் சொன்னீர்களாம். அவசரப்படாதீர்கள். ரயிலில் கார்டாக வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, எந்தச் சக்கரம் முனகுகிறது என்று காதாலேயே சொன்னவன். அவ்வளவு நீள ரயிலைக் கட்டி மேய்த்தவனுக்கு இந்தக் கிழட்டுக் கார் தண்ணி காட்டுகிறது. இதை விற்றுவிட்டு ரிட்டயரானதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியில் மறுபடியும் போய் உட்கார என்னால் முடியாது.

சத்தம் எப்படியென்றால், பள்ளத்தில் இறங்கினால் 'கடக்'. ஏறினால் 'கடக் கடக்'. திருப்பத்தில் 'டொக்'. ஆனால் மெக்கானிக் கடை வாசலுக்குப் போனதும் ஊமையாகிவிடும். அவர் ஓட்டிப் பார்த்தால் பூனை மாதிரி போகிறது. ஷாக் அப்சார்பர் புஷ்ஷை மாற்றினார், சைலன்சரை இறுக்கினார், கடைசியில் "வண்டி நல்லாத்தான் சார் இருக்கு, உங்க காதுதான்..." என்று இழுத்தார். எனக்கு வந்ததே கோபம்! வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தால் தெருமுனைப் பள்ளத்திலேயே 'கடக்'. பின் சீட்டில் கைப்பையை மடியில் வைத்திருந்த உங்கள் அத்தை, "எனக்கும் கேக்குதுங்க" என்றாள். இந்த வீட்டில் என்னை நம்புகிற ஒரே ஜீவன் அவள்தான்.

பிறகு டிக்கியைக் காலி செய்தேன். ஸ்டெப்னி, ஜாக்கி, போன மழைக்குத் தொலைந்த குடை எல்லாம் வெளியே வந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. அப்புறம்தான் புத்தி வந்தது. கார்டு இருக்க வேண்டிய இடம் கடைசிப் பெட்டிதானே? உங்கள் அத்தையை ஓட்டச் சொல்லிவிட்டு, என் பழைய விசிலோடு டிக்கியில் படுத்தேன். மூச்சு விட மூடியைக் கயிற்றால் லேசாகத் திறந்து கட்டினோம். ஒரு விசில் என்றால் நிறுத்தணும், ரெண்டு என்றால் புறப்படணும். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நாற்சந்தி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போச்சு. சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அங்கே நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் வேறு யாரையோ பார்த்து ரெண்டு விசில் ஊதினார். உங்க அத்தை கட்டுப்பாடான டிரைவர், புறப்பட்டுட்டா. நான் பதறிப்போய் ஒரு விசில் ஊதினேன். நடுச்சந்தியில வண்டி நின்னுடுச்சு, மத்த வண்டியெல்லாமும் நின்னுடுச்சு. போலீஸ்காரர் தன் விசிலை ஒருதரம் பார்த்துட்டு, ஓடி வந்து டிக்கியைத் திறந்தார்.

"யாரம்மா இது? ஆளைக் கடத்திட்டுப் போறீங்களா?"

"என் வீட்டுக்காரருங்க. இவரைக் கடத்தி நான் என்ன பண்ணப் போறேன்?"

மானம் கப்பலேறியது மாப்பிள்ளை! ஆனாலும் விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுஷன் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, பின்பக்கத்தை ரெண்டு கையாலும் அமுக்கிப் பார்த்து, "ஆமா சார், கேக்குது. இடது பக்கம்" என்றார். அரசாங்கமே ஒத்துக்கொண்டது! ஆகவே இனி இடது பக்கத்தைக் குடைய வேண்டியதுதான். தயவுசெய்து வண்டியில் கை வைக்காதீர்கள்.

எல்லா நலமும் பெற்று, சத்தமில்லாத வாகனங்களோடு நீங்கள் நீடூழி வாழ வேண்டும். குழந்தைக்கு முத்தங்கள். போலீஸ் வரும் இடத்தை மட்டும் மகளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதுறேன். அவர் காருக்கு அடியில இருக்கார், கால் மட்டும்தான் தெரியுது. கடிதத்தை ஒட்டிப் போடுன்னு என்கிட்ட கொடுத்தார். அந்தச் சத்தம் பரண்ல கிடந்த பழைய பூட்டோட சத்தம்ங்க. பின் சீட்டுக்கு அடியில கம்பியில நான்தான் மாட்டி வச்சிருக்கேன். மெக்கானிக் கடை வந்தா கழட்டிக் கைப்பையில போட்டுக்குவேன். வேலையை விட்டு வந்த நாள்லேர்ந்து மனுஷன் சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார். பேச்சில்லை, சாப்பாடும் சரியா இல்லை. எனக்கு ரொம்பப் பயமாயிருந்துச்சு. இப்போ விடிஞ்சதும் எழுந்திரிக்கிறார், சண்டை போடுறார், ரெண்டாந்தரம் சோறு கேட்கிறார். ஞாயித்துக்கிழமை வாங்க. காதை வச்சுக் கேட்டுட்டு, "வலது பக்கம் மாதிரி இருக்கே மாமா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. வரும்போது கொஞ்சம் பெரிய பூட்டா ஒண்ணு வாங்கிட்டு வாங்க.