அர்ஜென்டினா அண்ணனின் பூண்டுப் பாட்டு

அர்ஜென்டினா நாட்டுப் பூண்டு விவசாயிகளுக்காக ஜீப்பை ஓரங்கட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஒரே மனுஷன், உலகத்திலேயே எங்கள் மலையில், நாயுடுபுரம் ஜீப் ஸ்டாண்டில்தான் இருந்தார்.

சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. அர்ஜென்டினா அண்ணன். கால்பந்துப் பைத்தியம் என்று நினைத்து, பேசப் போனவர்கள் எல்லாம் மாட்டிக்கொள்வார்கள். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் அவர் ஜீப்பில் விட்டுப்போன கேசட்தான் காரணம். அதில் இருந்தது ஒரு அர்ஜென்டினா ராக் பேண்ட்.

"நாலே பேரு. மூணு வருசத்துல பிரிஞ்சிட்டானுங்க. ஆனா அதுக்கப்பறம் அங்க கிட்டாரத் தொட்டவன் பூராம் இவனுங்களப் பாத்துத்தான் தொட்டானாம்."

வத்தலக்குண்டுக்குப் பூண்டு மூட்டை இறக்கும்போது கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தாளம் போடுவார். கூட வருகிறவர்கள் மூட்டையைக் கட்டிப்பிடித்து முருகனைக் கூப்பிடுவார்கள்.

பாட்டில் ஒருத்தன் 'முண்டோ, முண்டோ' என்று கதறுவான். அண்ணனுக்கு அது 'பூண்டோ, பூண்டோ'. மழையில் பூண்டு அழுகிப்போனால், மேல்மலை விவசாயிகளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவார். அங்கேயும் இதே கதைதான் என்பார். அவர்களும் கேட்டுவிட்டு, பாவம் என்று உச்சுக்கொட்டி, மனசு லேசாகிப் போவார்கள்.

நான் அதே ஸ்டாண்டில் பிக்கப் ஓட்டுகிறவன். ஏழாவதோடு நின்றவனுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் நாக்கு சும்மா இருக்காது. போனில் தேடிப் பார்த்துவிட்டு, டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

"அண்ணே, அது பூண்டு இல்ல. உலகம்னு அர்த்தமாம். இத்தன வருசமா உலகத்தப் போட்டா உரிச்சிக்கிட்டு இருந்தீங்க?"

ஒருத்தருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. அண்ணனும் சிரித்தார். டீயைப் பாதியில் வைத்தார்.

"வெரசாப் போவணும்லே. சோலி கெடக்கு."

அதற்கப்புறம் அந்த ஜீப்பில் பாட்டே கேட்கவில்லை. கேட்டதற்கு டேப் சிக்கிக்கொண்டது என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும், நாளைக்குக் கேட்கலாம் என்றே இருந்தேன். போன மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

காரியத்தன்று பந்தல் போட, ஜீப்பை நகர்த்தச் சொன்னார் அவர் சம்சாரம். சாவியைத் திருகினேன். டேப் சிக்கவே இல்லை. 'முண்டோ' என்று கத்தியது. அணைக்கக் கை வரவில்லை.

அந்த அக்கா ஜீப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, பூண்டப் பத்தி என்னதான் சொல்றான் இவன்? அவருகிட்டக் கேட்டா, 'எனக்கென்ன தெரியும், ஸ்டாண்டுல நம்ம தம்பிக்கித்தான் அந்தப் பாஷ தெரியும், அவனக் கேளு'ன்னாரு."

"நல்லா வெளஞ்சிருக்காம்க்கா," என்றேன்.

இப்போதெல்லாம் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டாலும், எனக்கும் பூண்டு என்றுதான் கேட்கிறது.