ராஜா வீட்டு நெல்லைக் கடித்த மாப்பிள்ளை

நெல்லைக் கண்டால் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. காரைக்கால் பக்கம் எங்கள் குரும்பகரத்தில் இது குற்றமே இல்லை. களத்துக்கு வருகிற வியாபாரியும் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று கடிப்பார், வீட்டுக்கு வருகிற சம்பந்தியும் கடிப்பார். நான் மலை மேல் போய்க் கடித்ததுதான் வினையாகிவிட்டது.

கல்யாணமாகி மூன்றாம் மாதம். என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். (காரைக்காலில் ‘சொல்தா’ என்போம்.) பெண்ணைப் பாரிசில் கட்டிக்கொடுக்க நினைத்தவர், கடைசியில் வயலும் பள்ளிக்கூடக் குமாஸ்தா உத்தியோகமுமாக இருந்த என்னிடம் கொடுத்தார். அந்த வருத்தம் “வாங்க மாப்ள” என்று அவர் கூப்பிடுவதிலேயே தெரியும். எப்படியாவது அவரிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்றுதான் அவரையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த மலைக்குப் பஸ் சுற்றுலா கிளம்பினேன்.

ஒரு ராஜா கோடைக்கு வந்து தங்கிய மாளிகை, இப்போது அருங்காட்சியகம். கட்டில், துப்பாக்கி, புலித்தோல் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் மாமனார் விறைப்பாக நின்று விளக்கம் சொன்னார்.

“எதையும் தொடாம பாருங்க மாப்ள.”

சமையல்கட்டு வரைக்கும் நான் உத்தமன். அங்கே கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மரக்கால் நிறைய நெல். ‘மன்னர் காலத்து நெல்’ என்று அட்டை. அதைப் படித்து முடிப்பதற்குள் கை போய்விட்டது. கடக்!

காவலர் ஓடிவந்தார். “துப்புங்க சார், துப்புங்க!”

“முழுங்கிட்டேங்க.”

கூட்டம் செல்போனைத் தூக்கியது. மாமனார் ஒரு அண்டாவை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். “இவரு உங்ககூட வந்தவரா?” என்று காவலர் கேட்டதற்கு, “பஸ்ல பாத்துருக்கேன்” என்றார். (என் மனைவி இதற்காக இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.)

எங்கள் மூன்று பேரையும் அதிகாரி அம்மாளின் அறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “நூறு வருஷத்து நெல்லைத் தின்னிருக்கீங்க. போலீசுக்குச் சொல்லணும்.”

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நெல் விஷயத்தில் பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என் வாய்க்குத் தெரியாது.

“நூறு வருஷத்து நெல்லுன்னா வாயில வச்சதும் மாவாப் போயிருக்கும் மேடம். இது கடக்குன்னுச்சு. போன தையில அறுத்ததுங்க. குண்டா இருக்கு பாருங்க, சி.ஆர். ஆயிரத்தொம்பது. எங்க வயல்லயே போடுறோம். ராஜா போய்ச் சேந்து எவ்வளவோ வருஷம் கழிச்சு வந்த ரகம்ங்க.”

அதிகாரி காவலரைப் பார்த்தார். காவலர் தரையைப் பார்த்தார். பழைய நெல்லை எலி தின்றுவிட்டதும், சந்தையில் வாங்கிக் கொட்டியதும் மெல்ல வெளியே வந்தன. அந்த அம்மாளே போய் அட்டையை எடுத்துவிட்டு வந்து, எங்களுக்கு டீ வரவழைத்தார்.

“எப்படி சார், ஒரே கடியில கண்டுபிடிச்சீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் நெஞ்சை நிமிர்த்தி எழுந்தார். “எங்க மாப்பிள்ளைங்க!”

அந்தச் சந்தோஷத்தில் ராஜாவின் கட்டிலிலேயே ஏறிப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்போது விசேஷ வீடுகளில் இந்தக் கதையைச் சொல்வது மாமனார்தான். அவர் கதையில், அட்டையைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். “மாப்ள, ஒரு மணியக் கடிங்க” என்று உத்தரவு போட்டதே அவர்தானாம். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். “ஆமாங்க, மாமா சொல்லித்தான் கடிச்சேன்” என்று தலையாட்டிவிடுவேன். ஜெயித்தவனுக்கு அந்தப் பெருந்தன்மைகூட இல்லாவிட்டால் எப்படி?